உரமும் உவர் நீரும் புது சுமை வண்டியைத் தின்னாமல் காப்பது எப்படி?

மாட்டு வண்டி நின்ற களத்து மேட்டில் இன்று பல ஊர்களில் சிறு சுமை வண்டி நிற்கிறது. 2005ஆம் ஆண்டில் டாடா நிறுவனம் முக்கால் டன் சுமக்கும் ஏஸ் வண்டியை விற்பனைக்குக் கொண்டு வந்தது. நம் மக்கள் அதற்குக் குட்டி யானை என்று பெயர் சூட்டினர். 2011இல் ஓசூரில் தயாரான தோஸ்த் வந்தது. தக்காளிக் கூடை, தேங்காய், கரும்புக் கரணை, உர மூட்டை, மாட்டுத் தீவனம் ஆகிய அனைத்தையும் இன்று இவ்வண்டிகளே சுமக்கின்றன. கடன் பெற்று வாங்கும் இவ்வண்டி, நிலத்துக்கு அடுத்தபடியாகக் குடும்பத்தின் பெரிய முதலீடாக அமைந்து விடுகிறது.

வண்டி வந்த முதல் வாரத்திலேயே உதிரி அலங்காரக் கடைக்குச் சென்று முன்புறக் கம்பித் தடுப்பு, வண்ண விளக்கு, பாட்டுப் பெட்டி, பலகுரல் ஹாரன் எனப் பல ஆயிரம் ரூபாயைச் செலவிடும் வழக்கம் பரவியுள்ளது. அவற்றில் சில சட்டத்துக்குப் புறம்பானவை. மற்றவை வண்டியைக் காப்பதில்லை. உழவியல் படித்தவருக்கு வண்டியில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். நகரத்து வண்டி தேய்ந்து கெடுகிறது. உழவரின் வண்டியோ பெரும்பாலும் துருப்பிடித்துக் கெடுகிறது. அந்தத் துருவுக்குக் காரணமாகும் உரம், சாணம், உவர் நீர் ஆகியவை உழவியலில் நாள்தோறும் பேசப்படுபவையே.

உரம் இரும்பை அரிப்பது எவ்வாறு?

இரும்பு துருப்பிடிக்க நீரும் காற்றும் போதும். அத்துடன் உப்பும் சேர்ந்தால் துரு பல மடங்கு வேகமாகப் பரவும். மியூரியேட் ஆஃப் பொட்டாஷ் உரத்தில் ஏறத்தாழ 47 சதம் குளோரைடு உள்ளது. இந்தக் குளோரைடு, வண்ணப் பூச்சில் உள்ள சிறு கீறல் வழியே உள்ளே சென்று தகட்டைத் துளைக்கக் கூடியது. அமோனியம் சல்பேட் கரைந்த நீர் அமிலத் தன்மை உடையது. சூப்பர் பாஸ்பேட்டிலும் சிறிதளவு தனி அமிலம் உண்டு.

உலர்ந்த உரம் என்ன செய்யும் என்று அலட்சியமாக இருக்கக் கூடாது. உரம் தானாகவே காற்றிலுள்ள ஈரத்தைக் கிரகிக்கும். 30 டிகிரி சென்டிகிரேடு வெப்பநிலையில் காற்றின் ஈரப்பதம் 72 சதத்தைத் தாண்டினால் யூரியா கசியத் தொடங்கும். பொட்டாஷ் மட்டும் இருந்தால் 84 சதம் வரை தாங்கும். இரண்டும் கலந்து விட்டாலோ 60 சதத்திலேயே கசிந்து விடும். மேலுரம் இடுவதற்காக யூரியாவையும் பொட்டாஷையும் கலந்து, மீந்ததை மறுநாள் சாக்கைத் திறந்து பார்த்த உழவர்களுக்கு இது புதிய செய்தியன்று. இன்று யூரியா மூட்டையும் அடுத்த வாரம் பொட்டாஷ் மூட்டையும் ஏற்றிய வண்டியின் தொட்டி மூலையில் சிந்திக் கிடக்கும் பொடியும் இதே கலவைதான். மழை பெய்யாத நாளிலும், விடியற்காலை ஈரக்காற்றைக் குடித்து அது தகட்டின் மேல் உப்புக் கரைசலாக நிற்கும்.

மயில்துத்தத்தைப் பற்றித் தனியே கூற வேண்டும். போர்டோ கலவையை இரும்புப் பாத்திரத்தில் தயாரிக்கலாகாது என்பதையும், கலவையில் கத்தியை நனைத்துப் பார்த்தால் செம்பு படிவது கலவை சரியில்லை என்பதற்கு அடையாளம் என்பதையும் அறிவீர்கள். கத்தியில் செம்பு படியும்போது அதற்கு ஈடாக இரும்பு கரைகிறது. மயில்துத்தப் பை கிழிந்து தொட்டியில் சிந்தினாலும் இதுவே நடக்கும்.

ஆகவே உரம் இறக்கியவுடன் பின்கதவைத் திறந்து, முதலில் உலர்ந்த துடைப்பத்தால் மூலை முடுக்கெல்லாம் பெருக்குங்கள். பெருக்காமல் நீரை ஊற்றினால் உரம் கரைந்து தகடுகள் இணையும் இடுக்குகளில் இறங்கி விடும். பிறகு அதை எடுக்க வழியில்லை. பெருக்கிய பின்னரே கழுவ வேண்டும். கழுவும்போது வண்டியின் முன்புறம் சற்று மேடாக இருக்கும்படி நிறுத்தினால் நீர் பின்பக்கமாக வடிந்து விடும். தொட்டியிலுள்ள வடிகால் துளைகளில் வைக்கோலும் மண்ணும் அடைத்திருந்தால் ஒரு குச்சியால் குத்தித் திறந்து விட வேண்டும். சாண எரு, கோழி எரு, அழுகிய தக்காளி ஏற்றிய நாளிலும் இம்முறையே பொருந்தும். எருவை இரவு முழுதும் தொட்டியில் விட்டு வைத்தல் கூடவே கூடாது.

எந்த நீரால் கழுவுவது?

பாசன நீரை ஆய்வுக்கு அனுப்பியிருப்பீர்கள். அந்த அறிக்கையை எடுத்துப் பாருங்கள். மின் கடத்தும் திறன் 2.25 டெசிசைமன்ஸுக்கு மேல் இருப்பின் அது மிகுந்த உவர் நீராகும். அத்தகைய நீர் ஒரு லிட்டரில் சுமார் 1.4 கிராம் உப்பு கரைந்திருக்கும். 15 லிட்டர் கொள்ளும் ஒரு குடத்தில் ஏறத்தாழ 20 கிராம். அந்நீரால் வண்டியைக் கழுவி வெயிலில் காய விட்டால் நீர் போய்விடும். உப்பு தங்கி விடும். உவர் நீர்க் கிணறு உள்ளவர்கள் அழுக்கு போக அந்நீரையே பயன்படுத்திக் கொள்ளலாம். ஆனால் கடைசியாக இரண்டு குடம் நல்ல நீரை விட்டு அலச வேண்டும். நாகப்பட்டினம், இராமநாதபுரம் போன்ற கடலோர மாவட்டங்களில் உப்புக் காற்றும் சேர்வதால் வண்டியின் அடிப்பகுதியையும் வாரம் ஒரு முறை இவ்வாறு அலசுவது நலம்.

தொட்டிக்கு என்ன விரிப்பு போடலாம்?

வண்டி புதிதாக இருக்கும்போதே, முதல் மூட்டை ஏற்றுவதற்கு முன்பாகவே இதைச் செய்து விட வேண்டும். கீறல் விழுந்து துரு ஏறிய பின் எதைப் பூசினாலும் துரு அடியில் வளர்ந்து கொண்டே இருக்கும்.

பலர் பூப்போட்ட இரும்புத் தகட்டைத் தொட்டி முழுதும் பற்ற வைத்து விடுகின்றனர். பார்வைக்கு உறுதியாகத் தோன்றும். கணக்கைப் பார்ப்போம். 7 அடி நீளம், 5 அடி அகலமுள்ள தொட்டியின் பரப்பு ஏறத்தாழ 3.25 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் பரப்பும் 2 மில்லி மீட்டர் கனமும் உள்ள இரும்புத் தகடு 15.7 கிலோ இருக்கும். ஆக மொத்தம் சுமார் 51 கிலோ. ஒரு யூரியா மூட்டை 45 கிலோதான். தகடு போட்ட நாள் முதல், வண்டி ஓடும் காலம் வரை, நடைக்கு ஒரு மூட்டை குறைவாக ஏற்ற வேண்டும். அல்லது ஒரு மூட்டை அதிகமாகச் சுமக்க வைத்து வண்டியை வருத்த வேண்டும். தவிரவும் பற்ற வைத்த இடத்தில் பழைய பூச்சு கருகி, இரு தகடுகளுக்கும் இடையே ஈரம் புகுந்து, கண்ணுக்குத் தெரியாமல் துரு வளரும். கல், செங்கல் ஏற்றி வாடகைக்கு ஓட்டுபவர்களுக்கு வேண்டுமானால் இது பொருந்தலாம்.

உழவர்களுக்கு 5 மில்லி மீட்டர் கனமுள்ள ரப்பர் விரிப்பே போதுமானது. எடை சுமார் 20 கிலோ. மூட்டை வழுக்காது, கூடைகளும் நகராது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. விரிப்பை ஆணி, திருகு கொண்டு நிரந்தரமாகப் பொருத்தி விடாமல், வாரம் ஒரு முறை சுருட்டி எடுத்து, அடியிலுள்ள ஈரத்தை உலர்த்த வேண்டும். எடுக்காத விரிப்பு, விரிப்பே இல்லாததை விடக் கேடு. தெளிப்பு முறையில் தடிப்பாகப் பூசப்படும் பாலியூரித்தேன் பூச்சு கிடைக்குமானால், செலவு சற்று அதிகமானாலும் உர மூட்டை மிகுதியாக ஏற்றுபவர்களுக்கு அதுவே சிறந்தது.

கயிறு மாட்டக் கூடுதல் கொக்கிகள் பொருத்துவோர், துளையிட்ட விளிம்புகளில் அன்றே ரெட் ஆக்சைடு பூசி, அதன்மேல் வண்ணம் பூச வேண்டும். துளை ஒவ்வொன்றும் துருவுக்கு ஒரு வாசல்.

அடிப்பகுதி

சேஸிஸின் அடியில் தார்க் கலவை அல்லது மெழுகுக் கலவை பூசுவது நல்ல பழக்கம். சேறு படிந்த வண்டியில் பூசினால் சேற்றையும் ஈரத்தையும் உள்ளே வைத்து மூடியதாகும். எனவே நன்கு கழுவி முற்றிலும் உலர்ந்த பிறகே பூச வேண்டும். புகைக் குழாய், பிரேக் பாகங்கள், வடிகால் துளைகள் மீது கலவை படக் கூடாது. எஞ்சினிலிருந்து வடித்த பழைய ஆயிலை அடியில் அடிக்கும் வழக்கத்தை மட்டும் விட்டு விடுங்கள். ஆயில் பட்ட ரப்பர் புஷ்கள் உப்பிக் கெடும். புழுதி ஒட்டிச் சேறாகும். வயலிலும் களத்திலும் சொட்டி மண்ணையும் கெடுக்கும்.

பளு அதிகம் ஏற்றுவதற்காக வில் பட்டையில் கூடுதல் பட்டை போடுவதும் உண்டு. பட்டை தாங்கும்; ஆனால் பிரேக்கும் டயரும் அச்சும் பழைய அளவிலேயே இருக்கின்றன. பளு மிகுந்தால் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி மோட்டார் வாகனச் சட்டம் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது.

எலியும் மின் கம்பியும்

கூடுதல் விளக்கு பொருத்த வேண்டுமாயின் ஏற்கெனவே உள்ள கம்பியை வெட்டி ஒட்டுப் போடாதீர்கள். பாட்டரியிலிருந்து தனிக் கம்பி, அதற்கெனத் தனி பியூஸ், ரிலே ஆகியவை வேண்டும். ஒட்டுப் போட்ட கம்பி சூடேறித் தீப்பற்றினால் வைக்கோல் ஏற்றிய வண்டியில் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கம்பெனி அளிக்கும் உத்தரவாதமும் இத்தகைய ஒட்டுகளால் மறுக்கப்படக் கூடும்.

வண்டியை மாட்டுக் கொட்டிலில் நிறுத்துவோர் பலர். சிறுநீரிலிருந்து எழும் அமோனியா, செம்பு, பித்தளை இணைப்புகளை அரிக்கும். வைக்கோற்போர், நிலக்கடலைக் குவியல் அருகே நிறுத்தினால் எலிகள் எஞ்சின் அறையில் குடியேறிக் கம்பிகளைக் கடிக்கும். தென்னை மர நிழலைப் பற்றி நான் கூறவில்லை. தேங்காயே கூறி விடும்! நான்கு கால் நட்டு, கூரை போட்டு, நான்கு பக்கமும் காற்றோட்டம் உள்ள கொட்டகையே ஏற்றது.

பூச்சி மருந்துக்குத் தனிப் பெட்டி

மற்ற எல்லாவற்றையும் தள்ளிப் போட்டாலும், தொட்டியின் முன்மூலையில் பூட்டுடன் கூடிய ஒரு பெட்டியைப் பொருத்தத் தவறாதீர்கள். 1958ஆம் ஆண்டில் கேரளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் உணவு நஞ்சாகி இறந்தனர். அவர்கள் உண்ட மாவு, கப்பலில் பாரத்தியான் பூச்சி மருந்துடன் சேர்ந்து வந்திருந்தது. வழியில் மருந்து கசிந்திருந்தது. பின்னர் 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் இயற்றப்படுவதற்கு இந்நிகழ்ச்சியும் ஒரு காரணம். உணவுப் பொருள், கால்நடைத் தீவனம் ஆகியவற்றுடன் படும்படி பூச்சி மருந்தை ஏற்றலாகாது என்பது இன்றும் விதியாகும். காலையில் மருந்துப் புட்டி, மாலையில் தவிட்டு மூட்டை, மறுநாள் கத்தரிக்காய் என ஒரே தொட்டியில் ஏற்றும் நம் வண்டிகளில் கப்பலில் நடந்தது நடக்க நெடுநேரம் ஆகாது. பெட்டி பிளாஸ்டிக்காக இருந்தால் கழுவ எளிது. அடியில் ஒரு கிலோ உலர்ந்த மணலைப் பரப்பி வைத்தால் கசிவை உறிஞ்சிக் கொள்ளும். அந்த மணலை வேறெதற்கும் பயன்படுத்தக் கூடாது.

பொருத்தக் கூடாதவை

முன்புறக் கம்பித் தடுப்பு சட்ட விரோதம் என்று மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்குத் தெரிவித்தது. மோதலின்போது எதிரில் வருபவருக்கும் வண்டியில் இருப்பவருக்கும் அதனால் ஆபத்து மிகும். பலகுரல் ஹாரனுக்கும் தடை உண்டு. பதிவுச் சான்றில் உள்ள அளவுக்கு மாறாகத் தொட்டியின் பக்கங்களை உயர்த்துவதும் கூடாது. அனுமதியின்றிச் செய்யும் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வைக்கோலுக்காக உயரம் தேவைப்படுவோர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக் கொள்வது நல்லது.

நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆட்களை ஏற்றிச் செல்லத் தொட்டியில் பலகை இருக்கை அமைப்பது மிகப் பெரிய தவறு. சரக்கு வண்டியில் பயணம் செய்தவர்களுக்குக் காப்பீட்டு நிறுவனம் ஈடு தரக் கடமைப்பட்டதன்று என்று உச்ச நீதிமன்றம் 2002இல் தீர்ப்பளித்துள்ளது. சரக்கின் உரிமையாளருக்கோ, அவர் சார்பில் சரக்குடன் வருபவருக்கோ மட்டும் சட்டத்தில் இடமுண்டு. வண்டி கவிழ்ந்து பத்துப் பேர் அடிபட்டால், இழப்பீட்டை வண்டிக்காரர் நிலத்தை விற்றுத்தான் கொடுக்க நேரும்.

பிரதிபலிப்புப் பட்டைகளை முன்புறம் வெள்ளை, பக்கங்களில் மஞ்சள், பின்புறம் சிவப்பு என ஒட்ட வேண்டும். சேறு படிந்த பட்டை இரவில் ஒளிராது; விளக்கைத் துடைக்கும்போது அதையும் துடையுங்கள். வண்டிக்கு முதல் எட்டு ஆண்டுகள் வரை இரண்டாண்டுகளுக்கு ஒரு முறையும், பின்னர் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். கம்பெனியிலிருந்து வராமல் நீங்கள் பொருத்திய பொருள்களின் ரசீதுகளைப் பத்திரப்படுத்தி, காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது அவற்றின் மதிப்பையும் எழுதிக் கொடுத்து விடுங்கள். எழுதிக் கொடுக்காத பொருளுக்கு ஈடு கிடைக்காது.