ஏம்பலம் முதல் காரைக்கால் வரை: சைக்கிள் கோஷ்டிக்கு மார்க்கம் வகுத்தல்

கிராமச் சங்கங்களின் அங்கத்தினர்கள் ஒன்றுகூடிச் சில தினங்கள் சைக்கிளில் பிரயாணம் செய்ய விரும்புவது வரவேற்கத்தக்கதே. ஆயினும் அத்தகைய பிரயாணம் இரண்டாம் நாளிலேயே குலைந்துபோவதுண்டு. வல்லவர் முன்னே சென்றுவிடுவார். களைத்தவர் பஸ் ஏறிவிடுவார். இதன் காரணம் பெரும்பாலும் மார்க்கத்தை வகுத்த முறையிலேயே இருக்கிறது.

உதாரணமாக, ஏம்பலத்திலிருந்து காரைக்கால் செல்வதை எடுத்துக்கொள்வோம். இரண்டும் புதுச்சேரியைச் சேர்ந்தவையே எனினும் இடையே கடலூர், மயிலாடுதுறை ஜில்லாக்கள் உள்ளன. 1954 நவம்பர் 1-ந் தேதி பிரெஞ்சு நிர்வாகம் நீங்கியபின் இவ்வெல்லைகளில் சைக்கிள்காரரைத் தடுப்பார் எவருமில்லை. பாகூர், கடலூர், சிதம்பரம், சீர்காழி, தரங்கம்பாடி வழியாகத் தூரம் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். கைப்பேசியிலுள்ள வரைபடம் இதையே காட்டும். நாளைக்கு 65 வீதம் இரண்டு நாளில் முடித்துவிடலாம் என்றும் தோன்றும். அந்த யோசனையை நான் ஏற்கமாட்டேன்.

முதலில் வேகத்தைக் கணக்கிடவேண்டும். கோஷ்டியின் வேகம் என்பது அதிற் கடைசியாக வருபவரின் வேகமே. மூட்டையுடன், இளைப்பாறும் நேரத்தையும் சேர்த்தால், மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் எண்ணலாகாது. விடியற்காலை 6 மணிக்குப் புறப்பட்டால் நண்பகலுக்குள் 55 அல்லது 60 முடியும். அதற்குமேல் வெயிலில் ஓட்டுவது மறுநாளைய பலத்தை இன்றே கடன் வாங்குவதாகும்.

பழக்கமில்லாதவருக்கு உடல்வலியும் ஆசன நோவும் அதிகமாகத் தெரிவது இரண்டாம் நாட் காலையிலேதான். ஆகையால் நடு நாளைக் குறுக்குதல் அவசியம். முதல் நாள் பாகூர் ஏரிக்கரையைக் கடந்து கடலூர் சென்று, அங்கிருந்து மேற்கே திரும்பிக் குறிஞ்சிப்பாடி வழியாக வடலூரில் தங்கலாம். சுமார் 55 கிலோமீட்டர். 1867-ல் வள்ளலார் நிறுவிய தருமச்சாலையில் இன்றும் வருவோர்க்கெல்லாம் உணவு அளிக்கப்படுகிறது. இரண்டாம் நாள் சேத்தியாத்தோப்பு வழியாகச் சிதம்பரம். 40 கிலோமீட்டர் அளவே. காலையிலேயே சேர்ந்து, வண்டிகளைப் பழுதுபார்த்து, நன்றாக உறங்கலாம். மூன்றாம் நாள்தான் 65-ஐ வைத்துக்கொள்ளவேண்டும். அதற்குள் உடல் பழகியிருக்கும். தரங்கம்பாடியில் டேனியர் 1620-ல் கட்டிய கோட்டையருகே மதிய வெயில் தணியும்வரை இருந்து மாலையில் காரைக்கால் சேரலாம். இவ்வாறு சுமார் 30 கிலோமீட்டரும் ஒரு நாளும் கூடுகின்றன. எனினும் புறப்பட்டவர் அனைவரும் போய்ச் சேருவர்.

கவனிக்கவேண்டிய இடம் பாலங்கள். தென்பெண்ணை, வெள்ளாறு, கொள்ளிடம் ஆகியவற்றைக் கடக்கும்போது ஒதுங்க மண்பாதை இராது. பின்னால் லாரிகள் வரும். பாலத்திற்கு முன்பே அனைவரும் நின்று, ஒருவர் பின் ஒருவராகக் கடக்கவேண்டும். சேத்தியாத்தோப்புச் சாலையிலும் கனரக வாகனங்கள் மிகுதி. விடியற்காலையில் அதைக் கடந்துவிடுவது நலம்.

மாதம் தையோ மாசியோ ஆகட்டும். மழை ஓய்ந்திருக்கும், வடகிழக்குக் காற்று பெரும்பாலும் முதுகிலே தள்ளும். திரும்புகையில் அதே காற்று முகத்தில் அடிக்கும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

பெண் அங்கத்தினர்களை விட்டுச் செல்வதற்கு நியாயமில்லை. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கத்தின்போது பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் கற்று ஓட்டினார்கள். தங்குமிடத்தில் தனி அறையும் கழிப்பிடமும் உண்டா என்பதை முன்கூட்டியே கடிதம் எழுதி உறுதிசெய்துகொள்ளவேண்டும். "போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்பது உதவாது.

முன்னால் வழியறிந்த ஒருவரும், கடைசியில் பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், மாற்று டியூப் ஆகியவற்றுடன் ஒருவரும் செல்லட்டும். பின்னவரை எவரும் பின்தள்ளலாகாது. செலவுக்குப் பொதுப் பணம் ஒருவர் கையிலேயே இருந்து, அன்றன்று இரவே கணக்கு எழுதிப் படிக்கப்படட்டும். திரும்புவதற்குச் சைக்கிள்களை ஏற்றிவர ஒரு சிறு லாரி பேசுவதாயின், ஏற்றுகூலி இறக்குகூலி உட்பட வாடகையைப் புறப்படுமுன்னரே எழுத்தில் முடித்துக்கொள்ளவேண்டும்.