தண்ணீர் முள் சொல்லாத சூடு

பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு வடக்கே இருக்கும் காக்ஸ் டவுனில் தமிழ் காதில் விழாமல் நடப்பது கடினம். ஆனால் கார்ப் பித்தர்களின் மொழியே வேறு: ஆயில் கூலர், டீ அடாப்டர், சென்சார்.

இங்கிருந்து காரை ஓட்டிப்போய், 1990-இல் திறக்கப்பட்ட இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் விரட்ட ஆசைப்படுபவருக்கு டாஷ்போர்டின் தண்ணீர் முள் போதாது. தெர்மோஸ்டாட் தயவில் அது நடுவிலேயே சாதுவாக நிற்கும். 90 முதல் 110 டிகிரி செல்சியசில் இருக்க வேண்டிய ஆயிலோ 130-ஐத் தாண்டி நீர்த்துப்போயிருக்கும். அப்புறம் பேரிங் தேயும். எஞ்சின் ‘சீஸ்’ ஆகும்.

சென்சாரை எங்கே மாட்டுவது? எஞ்சினிலிருந்து கூலருக்குப் போகும் குழாயில்தான். திரும்பி வரும் குழாயில் மாட்டினால் ஆறிய ஆயிலைப் பார்த்து நிம்மதியாக இருக்கலாம், அவ்வளவே.

தொல்லை பெரும்பாலும் எர்த்தில். ஒற்றை ஒயர் சென்சார் எஞ்சின் உடம்பிலிருந்து எர்த் எடுப்பது. ரப்பர் குழாய்க்கு நடுவே டீயில் மாட்டினால் அது கிடைக்காது. மீட்டர் முள் அசையாது. சென்சார் மேல் பழிபோட்டு இன்னொன்று வாங்குவது வீண்செலவு. டீயின் உலோகத்திலிருந்து சேஸிசுக்கு ஒரு ஒயர் இழுத்தால் போதும். மரையில் டெஃப்லான் டேப்பைத் தாராளமாகச் சுற்றினாலும் இதே கதைதான். துணுக்கு பிய்ந்தால் ஆயில் வழியே அடைபடலாம்.

கடைசியில் எஞ்சினைச் சூடேற விட்டு, நிறுத்தியபின் டார்ச் அடித்து இணைப்புகளைப் பாருங்கள். அழுத்தத்தில் கசியும் ஆயில் கொதிக்கும் எக்ஸாஸ்ட் குழாயில் தெறித்தால் தீப்பிடிக்கும்.