நாய்க்குப் பச்சைக் கறியா, பாக்கெட் உணவா?

பச்சைக் கறியும் எலும்பும்தான் நாய்க்கு ஏற்ற உணவு என்று ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயான் பில்லிங்ஹர்ஸ்ட் 1993-இல் ஒரு புத்தகம் எழுதினார். நாய் ஓநாயின் வழிவந்ததுதானே என்பது பச்சைக் கறியை ஆதரிப்போரின் வாதம். ஆனால் மனிதரோடு வாழ்ந்து பழகிய நாய்க்கு, மாவுச்சத்தைச் செரிக்கும் திறன் ஓநாயைவிடப் பல மடங்கு அதிகம். 2013-இல் வெளியான மரபணு ஆய்வு இதைக் காட்டியது.

பச்சைக் கறியில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். ஃப்ரீசரில் வைத்தாலும் அது முழுதாகச் சாகாது. நாய் என்னவோ நன்றாகத்தான் வாலாட்டிக்கொண்டிருக்கும். கறித்தட்டை நக்கிய அதே நாக்கால் தவழும் பிள்ளையின் கன்னத்தை நக்கும்போதுதான் மனம் பதறுகிறது. எலும்பில்லாத வெறும் கறியை மட்டுமே போட்டு வளர்த்தால் சுண்ணாம்புச் சத்து போதாமல் குட்டியின் கால்கள் வலுவிழக்கும்.

பாக்கெட் உலர் உணவில் ஈரம் சுமார் பத்தில் ஒரு பங்குதான். அதனால் பக்கத்திலேயே கிண்ணம் நிறையத் தண்ணீர் இருக்கட்டும். கறி கொடுக்க ஆசையா? வெங்காயம், மசாலா சேர்க்காமல் வேகவைத்து, எலும்பை எடுத்துவிட்டுக் கொடுங்கள். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்திவிடும்.