சாலை யாருக்குச் சொந்தம்?

பதினைந்தே பேர்! நம் கழகத்தின் சிற்றூர்க் கிளைக் கூட்டத்திற்குக்கூட அதைவிட அதிகம் பேர் வருவர். அந்தப் பதினைந்து பேர், 1897-ஆம் ஆண்டு ஏப்ரல் 19-ஆம் நாள், அமெரிக்க நாட்டின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஆஷ்லாந்து என்ற ஊரின் மண் சாலையில், காலணியின் குதியால் கிழிக்கப்பட்ட ஒரு கோட்டின் பின்னே நின்றனர். இருபத்து நான்கரை மைல் ஓடி பாஸ்டன் நகர் சேர வேண்டும். பத்துப் பேர் சேர்ந்தனர். முதலில் வந்தவர் யார்? பிரபு வீட்டுப் பிள்ளையா? பட்டம் பல பெற்ற பண்டிதரா? இல்லை தோழர்களே! ஜான் மெக்டர்மாட் என்ற, நியூயார்க் நகரத்துக் கல்லச்சுத் தொழிலாளி. எடுத்துக்கொண்ட நேரம் 2 மணி 55 நிமிடம் 10 விநாடி.

அந்த ஓட்டம் இன்றும் நடக்கிறது. பாஸ்டன் அப்படியொன்றும் பெரிய நகரமல்ல. மக்கள் தொகையில் நம் மதுரையினும் சிறியது. ஆனால் ஏப்ரல் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, முப்பதாயிரம் பேரளவில் அங்கே ஓடுகின்றனர்.

"மாரத்தானா? விடியற்காலையில் விலையுயர்ந்த காலணி மாட்டிக்கொண்டு வசதி படைத்தோர் ஓடும் விளையாட்டாயிற்றே! மூட்டை தூக்கும் நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?" என்று கேட்கும் தோழர் இருப்பார். நியாயமான கேள்விதான். அவருக்காகத்தான் இதை எழுதுகிறோம்.

ஏப்ரல் 19 என்ற நாளை அவர்கள் ஏதோ பஞ்சாங்கம் பார்த்துப் பொறுக்கவில்லை. 1775-இல் அதே நாளில்தான் லெக்சிங்டன், கான்கார்டு என்ற ஊர்களில் வெள்ளை ஏகாதிபத்தியத்தின் படையை எதிர்த்து அமெரிக்கக் குடியானவர்கள் துப்பாக்கி ஏந்தினர். நாட்டுப் பற்றாளர் நாள் என்று அதற்குப் பெயர். மாநிலம் முழுவதும் விடுமுறை. ஆக, இது விடுதலை நாள் ஓட்டம். விடுதலை நாளில் ஓடும் உரிமை யார் யாருக்கு இருந்தது என்பதைத்தான் நாம் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஓடுகிறவன் படும் பாட்டைச் சொல்லிவிடுவோம். 1924 முதல் ஓட்டம் ஹாப்கின்டன் என்ற ஊரில் தொடங்குகிறது. தொலைவு 26 மைல் 385 கெஜம், கிலோமீட்டரில் 42.195. தொடக்கத்தில் சாலை கீழ்நோக்கிச் சரிகிறது. கால் தானாகப் பறக்கும். "ஆகா, இன்று நமக்கு நல்ல நாள்!" என்று புதியவன் நினைப்பான். அங்கேதான் ஏமாற்றம். இறக்கத்தில் ஒவ்வோர் அடிக்கும் தொடைத் தசை உடலைத் தாங்கித் தடுத்து நிறுத்துகிறது. அந்த அடிகளுக்கெல்லாம் பின்னால் வட்டியோடு கணக்குத் தீர்க்க வேண்டும். பாதி வழியில் வெல்லெஸ்லி என்ற ஊர். அங்கே பெண்கள் கல்லூரி ஒன்று. முதல் ஆண்டு முதலே அந்த மாணவிகள் சாலையோரம் நின்று ஆரவாரம் செய்வது வழக்கம். அதையும் கடந்தால், பதினாறாவது மைலுக்குமேல் நியூட்டன் நகரத்தின் மேடுகள். நான்கு மேடுகளில் கடைசி மேடு இருபதாவது மைல் தாண்டி வருகிறது. உயரம் என்று பார்த்தால் தொண்ணூறு அடிகூட இல்லை. திருச்சி மலைக்கோட்டை ஏறியவன் அதை மேடு என்றே சொல்லமாட்டான். ஆனால், அது வந்து நிற்கும் இடம் அப்படி!

தசையிலும் ஈரலிலும் உடல் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்துச் சேமிப்பு ஏறத்தாழ இருபது மைலுக்குத்தான் வரும். நம் தொழிலாளத் தோழருக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. முதல் தேதி வாங்கிய சம்பளம் இருபதாம் தேதி தீர்ந்துவிடுகிறது. மீதிப் பத்து நாளை எப்படித் தள்ளுகிறாரோ, அப்படித்தான் அந்த மீதி ஆறு மைலும். கால் கல்லாகிறது. கண் இருள்கிறது. சுவரில் மோதினாற்போல் இருந்தது என்று ஓடியவர்கள் சொல்கின்றனர்.

அந்தச் சாலையில் ஏழு முறை முதலில் வந்த ஒருவர் உண்டு. கிளாரன்ஸ் டிமார் என்பது பெயர். தொழில்? அச்சுக்கூடத்தில் எழுத்துக் கோப்பது. இந்த ஏட்டைப் போன்ற ஏடுகளையெல்லாம் ஒரு காலத்தில் தம் விரல் நுனியில் தாங்கிநின்ற தொழில் அது, இன்று மறைந்துவிட்டது. அச்சுக்கூடத்திற்கு ஓடியே போவார், வேலை முடிந்து ஓடியே வீடு திரும்புவார். தனியாகப் பயிற்சிக்கு நேரம் ஒதுக்க அவரிடம் ஏது நேரம்?

1911-இல் போட்டிக்கு முன்பு மருத்துவர்கள் அவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டனர். இதயத்தில் வேண்டாத இரைச்சல் கேட்கிறது, களைப்பு வந்தால் நின்றுவிடு, இனி ஓட்டமே வேண்டாம் என்றனர். அன்று அவர் நிற்கவில்லை. முதலில் வந்தார்! ஆனாலும் அந்தச் சொல் மனத்தில் முள்ளாய்த் தைத்ததோ என்னவோ, அதன்பின் சில ஆண்டுகள் பாஸ்டன் பக்கமே வரவில்லை. பிறகு வந்தார். 1922, 1923, 1924 என்று தொடர்ந்து மூன்று வெற்றி. 1927, 1928 மேலும் இரண்டு. 1930-இல் ஏழாவது வெற்றி. அப்போது அவருக்கு வயது 41. அறுபத்தைந்து வயதிலும் அந்தச் சாலையில் ஓடினார்.

1958-இல் டிமார் மறைந்தார். இதய நோயாலா? இல்லை, புற்றுநோயால். அவரது இதயத்தை ஆய்ந்தவர்களில் ஒருவர் பால் டட்லி ஒயிட். அதிபர் ஐசனோவருக்கே வைத்தியம் பார்த்தவர். 1961-இல் அந்த ஆய்வு வெளியாயிற்று. இதயத்திற்கு இரத்தம் கொண்டுசெல்லும் குழாய்கள் சாதாரண மனிதனுக்கு இருப்பதைப் போல் இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருந்தனவாம்! மருத்துவத்தை நாம் பழிக்கவில்லை. அன்றைய அறிவு அவ்வளவுதான். அடுத்த ஆய்வு அதைத் திருத்திற்று. திருத்திக்கொள்ளாத சாத்திரங்களோடுதான் நமக்குச் சண்டை.

வென்றவருக்குப் பரிசு என்ன தெரியுமா? தலையில் ஓர் இலை மாலை, ஒரு பதக்கம். ஓடி முடித்தவர்களுக்கு ஒரு கிண்ணம் மாட்டிறைச்சிக் குழம்பு. பணம் தந்தால் விளையாட்டின் புனிதம் போய்விடும் என்றனர். புனிதத்தைப் பற்றி யார் பேசினாலும் நமக்கு ஓர் ஐயம் எழும். பேசியவர் வயிறு நிறைந்தவராகவே இருப்பார். 1986-இல்தான் பணப்பரிசு வந்தது.

இனி 1936-க்கு வருவோம். அன்று முன்னே ஓடியவர் எலிசன் பிரவுன், நாரகன்செட் என்ற ஆதிகுடியைச் சேர்ந்தவர், கல் அடுக்கும் கொத்தனார். வெள்ளையர் கப்பல் வருவதற்கு முன்பே பக்கத்து ரோட் தீவில் வாழ்ந்த மக்கள் அவர்கள். 1880-இல் அந்த மாநில அரசு, "இப்படி ஓர் இனமே இனி இல்லை" என்று தீர்மானித்து, எஞ்சிய நிலத்தையும் விற்றுவிட்டது. இருக்கிறவனை இல்லை என்று எழுதிவிடும் வித்தை எல்லா நாட்டுப் பேனாவுக்கும் தெரியும் போலும்! இல்லாத இனத்தின் அந்த மகன் முன்னே ஓட, முந்திய ஆண்டு வென்ற ஜான் கெல்லி விரட்டி வந்தார். நியூட்டன் மேட்டில் எட்டிப் பிடித்தார். பிடித்தவர், பிரவுனின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "நன்றாக ஓடினாய், இனி நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பது போன்ற தட்டு. அவ்வளவுதான்! பிரவுன் பாய்ந்தார். வென்றார். கெல்லி ஐந்தாவதாக வந்தார். அன்றுமுதல் அந்த மேட்டுக்கு 'நெஞ்சை உடைக்கும் குன்று' என்று பெயர். பாஸ்டன் ஏட்டில் எழுதிய ஜெர்ரி நேசன் தந்த பெயர். உடைந்தது கெல்லியின் நெஞ்சு. கெல்லி கெட்ட மனிதரல்ல. அந்த ஓட்டத்தில் 61 முறை கிளம்பி, 84-ஆம் வயது வரை ஓடியவர். அந்தக் குன்றின் பக்கத்தில் அவருக்குச் சிலை இருக்கிறது. மூன்றாண்டு கழித்து, 1939-இல், பிரவுன் மீண்டும் வென்றார். நாரகன்செட் இனம் இருக்கிறது என்று அமெரிக்க அரசு ஒப்புக்கொண்டது 1983-இல்! பிரவுன் அதற்கு எட்டாண்டு முன்பே மறைந்துவிட்டார்.

அதே 1936-இல் பெர்லின் ஒலிம்பிக்கில் மாரத்தானில் தங்கம் வென்றவர் சொன் கீ சுங். கொரிய இளைஞர், ஆனால் நெஞ்சிலே ஜப்பானின் உதயசூரியன். அடிமை நாட்டான் என்பதால் பெயர்கூட ஜப்பானிய உச்சரிப்பில்! மேடையில் தலை குனிந்து நின்றார். அந்தப் படத்தை வெளியிட்ட டோங்-ஆ இல்போ என்ற கொரிய நாளேடு, மார்பிலிருந்த ஜப்பான் சின்னத்தை அழித்துவிட்டு அச்சிட்டது. ஏடு முடக்கப்பட்டது. எழுதுகோல் பிடித்தவர்கள் சிறை புகுந்தனர். 1947-இல் அதே சொன் கீ சுங் பயிற்சி தந்த சூ யுன் பொக், கொரியா என்ற பெயரைத் தாங்கி பாஸ்டனில் ஓடினார். வழியில் நாய் ஒன்று குறுக்கே பாய்ந்தது. விழுந்தார், எழுந்தார், 2 மணி 25 நிமிடம் 39 விநாடியில் வந்தார். அதற்குமுன் உலகில் எவரும் அவ்வளவு விரைவாக வந்ததில்லை. 1950-இல் முதல் மூன்று இடமும் கொரியருக்கே!

அடுத்த ஆண்டு? கொரியர் வரவேண்டாம் என்றுவிட்டனர். அங்கே போர் நடக்கிறது, போர்முனையில் இருக்கவேண்டியவர்களுக்கு இங்கே என்ன வேலை என்று காரணம். 1951-இல் வென்றவர், ஹிரோஷிமா மாவட்டத்தைச் சேர்ந்த 19 வயது இளைஞர் ஷிகெகி டனாகா. குண்டு போட்ட நாட்டின் விடுதலை நாள் ஓட்டத்தில் ஹிரோஷிமாவின் பிள்ளை!

இவ்வளவு பேரைச் சொன்னோமே, இதில் ஒரு பெண்ணின் பெயர் வந்ததா? வராது! வெல்லெஸ்லி மாணவிகள் சாலையோரம் நின்று கைதட்டலாம்; சாலையில் இறங்கலாகாது. ஒன்றரை மைலுக்குமேல் பெண் ஓடும் போட்டிக்கு அமெரிக்க அமெச்சூர் சங்கம் இடம் தரவில்லை. பெண்ணின் உடல் தாங்காதாம். பிள்ளை பெறும் வலியைத் தாங்கும் உடல், 26 மைலைத் தாங்காதாம்! ஈரோட்டுப் பெரியார் கேட்ட கேள்விகளைக் கேட்க அங்கே ஒருவர் இல்லாமல் போனார்.

1966-இல் ராபர்ட்டா கிப் என்ற பெண் விண்ணப்பம் போட்டார். முடியாது என்று பதில் வந்தது. கலிபோர்னியாவிலிருந்து நான்கு நாள் பேருந்தில் உட்கார்ந்து வந்து சேர்ந்தார். சகோதரனின் கால்சட்டை, தலையை மூடும் மேலாடை. தொடக்கக் கோட்டருகே புதரில் ஒளிந்திருந்து, பாதி ஆண்கள் கடந்தபின் கூட்டத்தில் கலந்தார். சற்று நேரத்தில் பின்னால் வந்தவர்கள் பெண் என்று கண்டுகொண்டனர். மேலாடையைக் கழற்றினால் விரட்டிவிடுவார்களோ என்று அஞ்சினார் கிப். அந்த ஆண்கள் என்ன சொன்னார்கள்? விரட்ட விடமாட்டோம், சாலை எல்லோருக்கும் பொதுதானே என்றனர். தோழமை என்றால் அது! வெல்லெஸ்லி வந்ததும் மாணவிகள் அவரைக் கண்டு கூவினர், சிலர் அழுதனர். 69 ஆண்டு அவர்கள் ஆண்களுக்குக் கைதட்டிய இடம் அது.

புதுக் காலணி கடித்துப் பாதம் கொப்புளமாகி, கடைசி மைல்களை ஏறத்தாழ நுனிக்காலில் கடந்து, 3 மணி 21 நிமிடத்தில் முடித்தார். ஓடிய ஆண்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அவருக்குப் பின்னால் வந்தனர். மாநில ஆளுநர் கைகுலுக்கினார். உடன் ஓடியவர்கள், வழக்கமான குழம்பு சாப்பிட வா என்று அழைத்துப் போயினர். வாசலில் ஆண்களை உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினர். ஆண்களுக்கு மட்டுமாம். ஓடும்போது ஒன்று, உண்ணும்போது வேறு! பந்தியில் இடம் மறுக்கப்படுவது எப்படியிருக்கும் என்பதை நம் மக்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

மறு ஆண்டு கேத்தரின் சுவிட்சர் என்ற மாணவி, கே. வி. சுவிட்சர் என்று கையெழுத்திட்டு விண்ணப்பித்தார். 261 என்ற எண் கிடைத்தது. அவருக்குப் பயிற்சி தந்தவர் பல்கலைக்கழகத்துத் தபால்காரர் ஆர்னி பிரிக்ஸ். பெண்ணால் முடியாது என்று முதலில் சொன்னவரும் அவரே. பயிற்சியில் அந்தப் பெண் 31 மைல் ஓடிக் காட்டியதும், நீ முறையாகப் பெயர் கொடுத்தே ஆகவேண்டும் என்று நின்றவரும் அவரே. கண்ணால் கண்டதும் கருத்தை மாற்றிக்கொள்ளும் துணிவு அந்தத் தபால்காரருக்கு இருந்தது.

ஓட்டம் தொடங்கிச் சில மைலிலேயே அதிகாரி ஜாக் செம்பிள் ஓடிவந்து பிடித்தார். என் பந்தயத்தைவிட்டு வெளியே போ என்று கத்திக்கொண்டு எண்ணைப் பிய்க்க முயன்றார். "என்" பந்தயமாம்! சுவிட்சரின் நண்பர், சம்மட்டி எறியும் வீரர், ஒரே மோதலில் அவரைச் சாலையோரம் தள்ளினார். நிழற்படக்காரர்களின் வண்டி அருகிலேயே இருந்ததால் உலகமே அந்தப் படங்களைப் பார்த்தது. சுவிட்சர் ஓடி முடித்தார். நின்றுவிட்டால், பெண்ணால் முடியாது என்பதற்கு நானே சான்றாகிவிடுவேன் என்பதால்தான் நிற்கவில்லை என்று அவர் பின்னாளில் சொன்னார். செம்பிளும் பரம்பரைச் சீமான் அல்ல. ஸ்காட்லாந்திலிருந்து பிழைக்க வந்தவர், தாமே பலமுறை அந்தச் சாலையில் ஓடியவர். உழைத்து ஒரு வாசலுக்குள் நுழைந்தவனே அடுத்தவனுக்குக் கதவைச் சாத்துவதை நாம் நம் ஊரிலும் பார்க்கிறோம். ஆனால் செம்பிள் மாறினார். 1973-இல் தொடக்கக் கோட்டில் படக்காரர்கள் முன்னிலையில் சுவிட்சரை முத்தமிட்டு வரவேற்றார்.

அதற்கு முந்திய ஆண்டு, 1972-இல், பெண்களுக்கு வாசல் திறந்தது. வந்தவர் எட்டுப் பேர். எட்டுப் பேரும் முடித்தனர். முதலில் வந்தவர் நீனா குசிக். ஒலிம்பிக்கில் பெண்கள் மாரத்தான் வர மேலும் பன்னிரண்டு ஆண்டு ஆயிற்று.

புதரில் ஒளிந்த ராபர்ட்டா கிப்பின் வெற்றியைப் போட்டிக் குழுவினர் ஏற்று எழுதியது 1996-இல், முப்பது ஆண்டு கழித்து. 2016-இல் எத்தியோப்பிய நாட்டு அட்சேடே பய்சா பெண்களில் முதலாவதாக வந்தார். வாங்கிய கோப்பையை அவர் கிப்பின் கையில் கொடுத்தார். வாங்க மனமின்றி வாங்கிக்கொண்ட கிப், நான் எத்தியோப்பியாவுக்கு வந்து இதைத் திருப்பித் தருவேன் என்றார்.