கோதுமைக் காலை உணவுகள்

கோதுமைக் காலை உணவுகள் என்பவை கோதுமை மணியையோ அதிலிருந்து பெறப்படும் ரவை, மாவு, செதில் ஆகியவற்றையோ முதன்மைப் பொருளாகக் கொண்டு காலையில் உண்ணப்படும் உணவுகள் ஆகும். எகிப்தின் பலீலா, தென்னிந்தியாவின் உப்புமா, சீனாவின் யோவ்தியாவ் ஆகியவை ஒன்றுக்கொன்று தொடர்பற்றவை போலத் தோன்றும். எனினும் இவற்றின் வேறுபாட்டைப் பெரிதும் தீர்மானிப்பவை இரண்டு: மணி எந்த அளவுக்கு உடைக்கப்படுகிறது என்பதும், குளுட்டன் எனப்படும் பசையம் எவ்வாறு கையாளப்படுகிறது என்பதும் ஆகும்.

மணியின் அமைப்பு

கோதுமை மணியின் எடையில் சுமார் 83 சதவீதம் மாவுச்சத்து நிறைந்த உட்பகுதி ஆகும். சுமார் 14 சதவீதம் தவிடு. எஞ்சிய சிறு பகுதி முளை. நார்ச்சத்தின் பெரும்பகுதி தவிட்டில் உள்ளது. பசையத்தை உருவாக்கும் புரதங்கள் உட்பகுதியில் உள்ளன. வெள்ளை ரவையும் மைதாவும் தவிடும் முளையும் நீக்கப்பட்ட உட்பகுதியிலிருந்து கிடைப்பவை.

முழு மணியும் உடைத்த மணியும்

எகிப்தில் வேகவைத்த முழுக் கோதுமையுடன் பால், சர்க்கரை, உலர்திராட்சை சேர்த்து பலீலா தயாரிக்கப்படுகிறது. முழு மணி வேக நீண்ட நேரம் ஆவதால் அதை முன்னிரவே ஊறவைப்பது வழக்கம். உடைத்த கோதுமை விரைவில் வெந்துவிடும். வட இந்தியாவில் இது தலியா எனப்படுகிறது. பாலுடன் இனிப்பாகவோ காய்கறியுடன் காரமாகவோ சமைக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் இதே பொருள் கோதுமை ரவை என்ற பெயரில் உப்புமாவுக்கும் கஞ்சிக்கும் பயன்படுகிறது.

ரவை

உருசியாவில் வெள்ளை ரவையைப் பாலில் தூவிக் கிளறிச் செய்யும் மன்னயா காஷா என்ற கஞ்சி, குழந்தைகளின் காலை உணவாகப் பெயர்பெற்றது. உப்புமாவில் இதே ரவை முதலில் வறுக்கப்படுகிறது. வறுப்பதால் ரவையின் ஒட்டும் தன்மை குறைந்து, உப்புமா உதிரியாக வருகிறது. ரவா இட்லி, இரண்டாம் உலகப் போர்க்கால அரிசித் தட்டுப்பாட்டின்போது பெங்களூரின் மாவள்ளி டிபன் ரூம் உணவகத்தில் உருவானதாகக் கூறப்படுகிறது.

மாவு

மாவில் நீர் சேர்த்துப் பிசையும்போது பசையம் இழுபடும் வலையாக உருவாகிறது. யோவ்தியாவ் இந்தப் பண்பைச் சார்ந்தது. நீளமாக இழுத்த மாவை எண்ணெயில் பொரிக்கும்போது அது உப்பிக் கூடுபோல் ஆகிறது. இது பெரும்பாலும் சோயாப் பாலுடன் உண்ணப்படுகிறது. துருக்கியின் எள் தூவிய வளைய ரொட்டியான சிமித்தும் பிசைந்த மாவால் ஆனதே.

இதற்கு நேர்மாறான முறை இலங்கைத் தமிழரிடையே உள்ளது. அங்கு கோதுமை மாவை முதலில் நீராவியில் அவித்து, அரித்து, அதன் பின்னரே புட்டுக்கும் இடியப்பத்துக்கும் குழைக்கின்றனர். வெப்பத்தால் பசையப் புரதம் தன் இழுவைத் தன்மையை இழப்பதால், மாவு அரிசி மாவைப் போலவே உதிரவும் பிழியவும் ஏற்றதாகிறது.

செதில்கள்

ஐக்கிய அமெரிக்காவில் 1863-இல் ஜேம்சு காலெப் ஜாக்சன் உருவாக்கிய கிரானுலா, உண்பதற்கு முன் இரவு முழுதும் ஊறவேண்டிய அளவுக்குக் கடினமானது. 1894-இல் பேட்டில் கிரீக் நகர நலவாழ்வு இல்லத்தில் கெல்லாக் சகோதரர்கள், வேகவைத்துக் கிடந்த கோதுமையை உருளைகளுக்கிடையே செலுத்தியபோது மணிகள் தனித்தனிச் செதில்களாயின. மக்காச்சோளச் செதில்கள் இதற்குப் பின்னரே வந்தன. பிரித்தானியாவில் வீட்டாபிக்சு 1932-இல் உற்பத்தியானது. முன்கூட்டியே வேகவைக்கப்பட்டதால் இவ்வகை உணவுகளுக்கு அடுப்பு தேவையில்லை.

உடல்நலம்

முழு மணி, தலியா, முழுக் கோதுமைச் செதில் ஆகியவற்றில் தவிடு பெரும்பாலும் எஞ்சியிருப்பதால், வெள்ளை ரவை, மைதா உணவுகளைவிட நார்ச்சத்து மிகுதி. ஆனால் கடையில் விற்கும் செதில்களில் சர்க்கரை சேர்ந்திருக்கலாம் என்பதால் பொட்டலத்தின் விவரக் குறிப்பைப் பார்ப்பது நல்லது.

செலியாக் நோய் உள்ளவர்களின் சிறுகுடலைப் பசையம் பாதிக்கிறது. வறுப்பதும் அவிப்பதும் பசையத்தின் பிசுபிசுப்பை மட்டுமே குறைக்கின்றன, பசையத்தை நீக்குவதில்லை. எனவே வறுத்த ரவை உப்புமாவும் அவித்த மாப் புட்டும் உட்பட, இங்கு கூறப்பட்ட உணவுகள் எல்லாவற்றையும் அவர்கள் தவிர்க்க வேண்டும். அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம் ஆகியவற்றில் கோதுமைப் பசையம் இல்லை. கோதுமை மாவுடன் கலக்காமல் அரைக்கப்பட்டிருந்தால் இவை மாற்றாக அமையும்.