ஓவியமும் அறநிதியும்

பொருள் உடையார் பொருளை ஈவர். உடல்வலி உடையார் உழைப்பை ஈவர். கலைத்திறன் உடையார் தாம் படைத்த கலைப்பொருளை ஈவர். ஓவியம் பசித்தவன் வயிற்றை நிரப்பாது. புண்பட்டவன் புண்ணை ஆற்றாது. ஆயினும், தக்க விலைக்கு விற்கப்பெற்றால் அதுவே உணவாகவும் மருந்தாகவும் மாறும். இம்மாற்றத்தை நிகழ்த்தும் வழிகளுள் ஒன்று, அறநிதி திரட்டுவதற்காக நடத்தப்பெறும் ஏலமாகும்.

கடையில் விற்பவர் விலை கூறுவார். ஏலத்திலோ வாங்க விரும்புவோரே விலையை ஏற்றிச் செல்வர். ஒருவர் நூறு ரூபாய் என்பார். மற்றொருவர் நூற்றிருபது என்பார். ‘ஒரு தரம், இரண்டு தரம்’ என்று ஏலம் விடுவோர் கூறுவார். அதற்குமேல் கேட்பார் இலராயின் ‘மூன்று தரம்’ என்று முடிப்பார். மிகுந்த விலை கேட்டவர்க்கே பொருள் உரியதாகும். ஆகவே, ஒரு பொருளை விரும்புவோர் இருவரேனும் இல்லாவிடின் விலை உயர்தற்கு வழியில்லை.

முதல் உலகப் போர் 1914 ஆம் ஆண்டு மூண்டது. புண்பட்ட வீரர்களைப் பேணச் செஞ்சிலுவைச் சங்கத்திற்குப் பெரும்பொருள் வேண்டியிருந்தது. இலண்டன் மாநகரில் 1766 ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வரும் கிறிஸ்டி ஏல நிலையம் அதற்குத் துணை நின்றது. செல்வர்களும் கலைஞர்களும் அளித்த பொருள்கள் 1915 ஆம் ஆண்டு அங்கே ஏலம் விடப்பெற்றன.

அப்போது புகழின் உச்சியில் இருந்த ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜெண்ட், ஒன்றும் தீட்டப்பெறாத ஓவியத்துணி ஒன்றை வழங்கினார். அதனைப் பெறுவோர் விரும்பும் ஒருவருடைய உருவத்தை அதில் எழுதித் தருவதே அவர் அளித்த உறுதி. அயர்லாந்து தேசியக் கலைக்கூடத்தின் தலைவராக விளங்கிய சர் ஹியூ லேன் அதற்கு 10,000 பவுன் தர முன்வந்தார்.

வெறுந்துணிக்கு இத்துணை விலை ஏன்? சார்ஜெண்ட் சில ஆண்டுகளாகவே பிறர் உருவங்களை எழுதித் தரும் பணியைப் பெரும்பாலும் கைவிட்டிருந்தார். வேறெங்கும் எளிதிற் கிட்டாத பொருளை அறத்தின் பொருட்டு அவர் கொடுத்தார். அருமையும் அறமும் ஒன்றுசேர்ந்தமையால் விலை உயர்ந்தது.

ஆனால், அடுத்த மாதமே துயரம் நேர்ந்தது. நியூயார்க்கிலிருந்து லூசிட்டேனியா என்னும் கப்பலில் திரும்பிய லேன், 1915 ஆம் ஆண்டு மே 7 ஆம் நாள், செருமானிய நீர்மூழ்கிக் கப்பலின் தாக்குதலால் கடலில் மூழ்கி மாண்டார். யாருடைய உருவத்தை எழுதுவது என்று அவர் குறித்திருக்கவில்லை. அதனைத் தெரியும் பொறுப்பு கலைக்கூடத்தாரைச் சார்ந்தது. அவர்கள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் உட்ரோ வில்சனைத் தெரிந்தனர். சார்ஜெண்ட் 1917 ஆம் ஆண்டு அவ்வுருவத்தை எழுதி முடித்தார். கேட்டவர் மறைந்தும் கொடுத்த வாக்கு மறையவில்லை. டப்ளின் நகரில் உள்ள அக்கலைக்கூடத்தின் உடைமையாக அவ்வோவியம் இன்றும் விளங்குகிறது.

இந்நிகழ்ச்சி உணர்த்தும் நெறிகள் பள்ளியில் நடைபெறும் சிறிய ஏலத்திற்கும் பொருந்தும். முதலாவதாக, ஈவது சிறந்ததாக இருத்தல் வேண்டும். விலைபோகாமல் மூலையிற் கிடந்ததை அறத்தின் பெயரால் தள்ளிவிடுதல் ஈகையாகாது. இரண்டாவதாக, திரளும் பொருள் எதற்குப் பயன்படும் என்பது தெளிவாகக் கூறப்பெற வேண்டும். ‘நற்பணிக்கு’ என்று பொதுவாகக் கூறுவதினும், ‘மருத்துவ நிலையத்திற்குப் பத்துக் கட்டில்கள்’ என்று கூறுவது உள்ளத்தைத் தொடும்.

மூன்றாவதாக, ஏலத்திற்குச் சில நாள் முன்னரே ஓவியங்களைச் சட்டமிட்டு, வரைந்தவர் பெயரும் ஓவியத்தின் பொருளும் எழுதி, யாவரும் காண வைத்தல் வேண்டும். பன்முறை கண்டவர்க்கே பெறும் விருப்பம் வேரூன்றும். தொடக்க விலை குறைவாக இருப்பின் பலரும் தயங்காமல் கேட்கத் தொடங்குவர். பொருள்கள் அளவுக்கு மிஞ்சினால் கேட்போர் சலிப்படைவர். வாங்க இயலாதவரை வற்புறுத்தி நாணச் செய்தலும் முறையன்று.

எல்லாவற்றினும் மேலானது நம்பிக்கை. பெற்ற தொகைக்குச் சீட்டு அளித்தலும், வரவு செலவுக் கணக்கை யாவரும் அறிய வெளியிடுதலும் ஏலம் நடத்துவோர் கடமை. கணக்கு மறைந்தால் அடுத்த ஏலத்திற்கு எவரும் வாரார். ஓவியத்தின் அழகு கண்ணைக் கவரும். நடத்துவோரின் நேர்மையே கையைத் திறக்கும். அந்நேர்மை உள்ள இடத்தில், ஓவியன் தீட்டிய வண்ணம் சுவரில் ஒளிர்வதோடு நில்லாது, துன்புற்றார் முகத்திலும் ஒளிரும்.