பிஸ்கட் இல்லாமலும் நாய் சொல் பேச்சு கேட்கும்

தோட்டத்து நாய்க்கு வித்தை எதுவும் தெரிய வேண்டாம். 'வா', 'இரு' என்ற இரண்டு சொல் போதும். ஆனால் கையில் பிஸ்கட் இல்லாதபோதும் கேட்கணும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு, பக்கத்துக் காட்டு ஆடு, வரப்பில் கிடக்கும் கண்ணாடி விரியன் இதெல்லாம் நம்ம பையில் பிஸ்கட் இருக்கான்னு பார்த்துக்கிட்டு வராது.

ஆரம்பத்தில் தின்பண்டம் கொடுக்கலாம், தப்பில்லை. பலரும் பண்டத்தைக் காட்டிக் கூப்பிடுறாங்க. அப்ப நாய் கவனிக்கிறது சொல்லை இல்ல, கையை. முதலில் சொல்லுங்க, நாய் செய்த பிறகு பையிலிருந்து எடுத்துக் கொடுங்க. நல்லாப் பழகினதும் சில தடவை மட்டும் கொடுங்க. எப்போது கிடைக்கும்னு தெரியாத பரிசு பழக்கத்தை நீண்ட நாள் நிறுத்தி வைக்கும். அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் எலி, புறாக்களை வைத்து இதைக் காட்டினார். முன்னெல்லாம் லாட்டரிச் சீட்டு வாங்கினவங்க விடாம வாங்கினதும் இதே கணக்குதான்.

அடுத்து, நாய் அந்த நேரத்தில் எதை விரும்புதோ அதையே கூலியாக்குங்க. சோறு வைக்கும் முன் 'இரு'. படல் திறக்கும் முன் 'இரு'. இருந்தால்தான் படல் திறக்கும். 'வா' என்றதும் வந்தால் காதுக்குப் பின்னால் சொறிஞ்சுவிட்டு மறுபடி ஓட விடுங்க. கூப்பிட்டாலே சங்கிலிதான்னு அதுக்குத் தோணிட்டா அப்புறம் கிட்ட வராது. எவ்வளவு தாமதமா வந்தாலும், வந்த நாயை அடிக்கவே கூடாது.

வாசலில் கேட்கிற நாய் ஆட்டுக் கூட்டத்துக்கிட்ட கேட்காது. திமிர் இல்லைங்க, அதுக்கு அது புதுப் பாடம். மார்புப் பட்டையில் 30 அடி கயிறு கட்டி, ஆடு தூரத்தில் நிற்கும்போது ஆரம்பிச்சு நாளுக்கு நாள் கிட்ட போங்க. ஒரே தடவைதான் சொல்லணும். வரலைன்னா கயிற்றைப் பிடிச்சபடி நீங்க பின்னால் நடங்க, தானா வரும். ஒரு வேளைக்கு ஐந்து நிமிஷம் போதும். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்லணும். எங்க வீட்டில் நான் 'இரு', மனைவி 'உட்காரு', பேரன் 'சிட்' என்றால் பாவம், அது எந்த மொழியில் படிக்கும்?

கன்னி, சிப்பிப்பாறை வளர்ப்பவர்களுக்கு ஒன்று. இவை கண்ணால் பார்த்துத் துரத்தும் வேட்டை நாய்கள். முயல் பின்னால் பாய்ந்த பிறகு கூப்பிட்டுப் பயனில்லை. காது விறைச்சு நிற்கும் அந்த நொடியில் கூப்பிடணும். தார்ச் சாலை ஓரத் தோட்டம் என்றால், எவ்வளவு பழகினாலும் அந்தப் பக்கம் போகும்போது கயிறு கழற்ற வேண்டாம்.